குழந்தையறைப் பலகையில் ஒரு பெயர் சேருங்கள்

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்திருக்கும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் மாளிகை ஒன்றின் குழந்தையறையில் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தேன். அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அவர்கள் காலடியில் படுத்திருந்த நாயின் பெயரும் இருந்தது. கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த சேலைக்காரப் பெண்ணுக்கு மட்டும் ‘ஆயா’ என்பதோடு சரி. அவருடைய பெயரைத் தேடி எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை.

விக்டோரியா காலத்துச் சீமான் வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மாலையில் தலைசீவி, நல்லுடை உடுத்தி, சிறிது நேரம் பெற்றோர் முன் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு மீதிப் பொழுதெல்லாம் ஊட்டியும் காய்ச்சலில் கண்விழித்தும் துணையிருந்தவர் செவிலித்தாயே.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு கடல் கடந்த ஆயாக்களின் பாடு இன்னும் கொடிது. வாரக்கணக்கில் ஆடும் கப்பலில் பிறர் பிள்ளைகளைச் சுமந்து வந்த அவர்கள், பயணியர் பட்டியலில் பெரும்பாலும் இன்ன சீமாட்டியின் ஆயா என்றே பதிவானார்கள். லண்டனில் இறங்கியதும், ஊர் திரும்பக் கட்டணம்கூடத் தரப்படாமல் கைவிடப்பட்டவர்களும் உண்டு. அத்தகையோர், இந்தியா செல்லும் வேறொரு குடும்பம் அமர்த்திக்கொள்ளும்வரை தங்குவதற்கென்றே ஓர் இல்லம் ஆல்ட்கேட்டில் இருந்து, 1900இல் ஹாக்னிக்கு மாறியது. அதன் சுவரில் ஒரு நினைவுப் பலகை ஏற 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆவணம் இல்லை என்பீர்கள். ஒரு வெள்ளிக் கரண்டியின் முத்திரையை வைத்தே அதைச் செய்த தட்டானைக் கண்டுபிடித்துவிடும் உங்கள் வல்லுநர்களுக்கு, 1841 முதல் வேலையாட்களையும் சேர்த்து எழுதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்ப்பது அவ்வளவு கடினமா? வின்ஸ்டன் சர்ச்சிலை வளர்த்த எலிசபெத் எவரெஸ்ட்டை இன்று பலரும் அறிவர். 1893இல் வேலையிலிருந்து அனுப்பப்பட்டு, 1895இல் இறந்த அவருக்குக் கல்லறைக்கல் நாட்டியதும் அவர் வளர்த்த பிள்ளைதான். செவிலித்தாயின் பெயர் நிலைப்பதற்கு அவர் வளர்த்த பிள்ளை பிரதமராக வேண்டும் என்பது விதியானால், உங்கள் மாளிகைப் பிள்ளைகள் சற்றே முயன்றிருக்கலாம்.

கேலி போதும், பணிவோடு மீண்டும் கேட்கிறேன். கணக்கெடுப்பையும் சம்பளக் குறிப்பேடுகளையும் குடும்பக் கடிதங்களையும் தேடிப் பார்த்து, அப்பெண்களின் பெயர்களைப் பலகையில் சேருங்கள். தேடியும் கிடைக்காத இடத்தில், ‘இவர் பெயரை இக்குடும்பம் பதிவுசெய்யவில்லை’ என்றாவது எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளருள் ஒருவர்