அளவு கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் அப்பாவின் ஃபியட்டுக்கு நான்கு கதவும் மாட்டி, ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தோம். தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், இடித்துச் சாத்தவும் வேண்டாம். நான்கும் ஒழுங்காக வந்து பூட்டிக்கொண்டன. பாடி வேலை பார்த்த டிங்கர் மாஸ்டர் நம்பாமல் திறந்து திறந்து சாத்திக்கொண்டே இருந்தார். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வண்டி முதலில் இருந்த பட்டறையில் முட்டுக் கொடுக்காமல் அறுத்ததில் பாடி தொய்ந்துபோனதும், அதை நிமிர்த்தச் சரியான அளவு தேடி நாங்கள் அலைந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. கைகொடுத்தவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெறும் அளவுக்கா இவ்வளவு அலைச்சல் என்று சிலர் கேட்டார்கள். ஃபியட் 1100 இத்தாலியில் 1953-ல் வந்தபோதே தனிச் சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம், இல்லாத வண்டி. மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த டிலைட், பிரசிடென்ட், பத்மினி எல்லாமே அதே அமைப்புதான். தரைத் தகடு, கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடுகிற பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. உள்ளே முட்டுக் கொடுக்காமல் அந்தப் பெட்டியை அறுத்தால், பாவு அவிழ்த்த தறி மாதிரி மொத்தப் பாடியும் இறுக்கம் விட்டுவிடும். நடுப்பகுதி தொய்யும், கதவு வாய் சுருங்கும். தொய்ந்ததை ஜாக்கி வைத்துத் தூக்கலாம், சரி. எதுவரைக்கும் தூக்குவது?

எங்கள் கைக்குக் கிடைத்த புத்தகங்களில் வீல்பேஸ் 2,340 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரைக்கும். வெல்டிங் வைக்கிறவருக்கு வேண்டியது வேறு. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் போல்ட் ஓட்டையிலிருந்து, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடம் வரைக்கும் எவ்வளவு, தரையிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்கிற கணக்கு. மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒன்றாக வந்தால் பாடி கோணலில்லை என்று தெரியும். நீளமும் உயரமும் சரியா என்பதை அது சொல்லாது. அதற்கு அறுபடாத, அடிபடாத இன்னொரு ஃபியட் வேண்டும். இன்றைக்கு ஓடுகிற வண்டிகளில் பல, எப்போதோ ஒருமுறை ஒட்டுப் போட்டவை. அதில் அளவெடுத்தால் அந்த வண்டியின் கோணல் நம் வண்டிக்கும் வந்து சேரும்.

தேடிய நாட்களில் எத்தனையோ பேர் உதவினார்கள். தன் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி அடிப்பக்கம் முழுக்கப் படமெடுத்து அனுப்பிய ஈரோட்டு நண்பர், நீளமான கவராயம் ஒன்றைக் கடைந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த சேலம் ஐந்து ரோடு லேத் பட்டறைக்காரர், நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை இரவல் தந்த செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை அண்ணன், தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்க்கச் சொல்லிக் கொடுத்த கொத்தனார், எல்லோருக்கும் மேலாக, 'விட்டுடாதீங்க தம்பி' என்று சொல்லிக்கொண்டே இருந்த கொண்டலாம்பட்டி டிங்கர் மாஸ்டர். உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கும்பிடு.

அடுத்து ஏற்காட்டு டீச்சரம்மா. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

நாகலூர் போகிற பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு. மலை ஈரத்தில் எந்த ஃபியட்டின் அடித்தகடு மிஞ்சியிருக்கப் போகிறது என்ற எண்ணத்தோடுதான் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறினோம். மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, 'இது கம்பெனி வெல்டிங், யாரும் தொடவே இல்லை' என்றார். டீச்சரம்மாவின் கணவர், இன்று அவர் இல்லை, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து, பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசுவாராம். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிக்குள்ளும் ஊற்றி விடுவாராம். 'சட்டையெல்லாம் பாழாகும், நான் திட்டுவேன்' என்றார்கள் டீச்சரம்மா. அந்த மனிதர் பூசிய ஆயில்தான் இன்று என் அப்பாவின் வண்டியை நிமிர்த்தியிருக்கிறது.

அளவெடுக்க அனுமதி கேட்கத் தயங்கி நின்றேன். 'அளவுதானே தம்பி, எடுத்தா குறைஞ்சா போயிடும்? நல்லா எடுத்துக்கங்க' என்று சொல்லிக் காப்பி போடப் போய்விட்டார்கள். ஷெட்டில் மண்தரை. பலகை பரப்பி மட்டம் பார்த்து, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுக் கீழே புள்ளி வைத்தோம். புள்ளிக்குப் புள்ளி அளந்து எழுதி முடிக்க இருட்டிவிட்டது.

நான் சொல்ல வந்த உதவி அதற்கு அப்புறம் நடந்தது. வெல்டிங் தொடங்கும் நேரத்தில் மாஸ்டர், வலது முன்கதவு வாயின் மூலைக்கு மூலை குறுக்களவும் இருந்தால் நல்லது என்றார். மலையில் விடாத மழை. மழை விட்டதும் வருகிறோம் என்று தகவல் சொல்லத்தான் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கிருந்து எதுவரைக்கும் என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை போனில் ஒரு படம் வந்தது. கணக்கு நோட்டுத் தாளில் அடிக்கோல் வைத்து வரைந்த வண்டிப் படம். நான் சொன்னது ஒரு கதவு. அவர்கள் நான்கு கதவுக்கும், இரண்டு குறுக்கிலும், ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து எழுதியிருந்தார்கள். கீழே ஒரு குறிப்பு: 'டேப் கொக்கி ஆடுகிறது. அதனால் 100 மில்லிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து, 100 கழித்திருக்கிறேன்.' அதோடு, நாங்கள் யாரும் கேட்காத இன்னோர் அளவு: இடது நடுத்தூணுக்கும் வலது நடுத்தூணுக்கும் இடையே வண்டிக்குள்ளே இருக்கும் அகலம். கதவு வாய் சரியாக இருந்தும் தூண் உள்பக்கம் சாய்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது.

எங்கள் பாடியில் தூண் சாய்ந்துதான் இருந்தது. வலது பக்கம், உள்நோக்கி. அந்த ஓர் அளவு வராமல் போயிருந்தால் கதவை மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கும், வைத்த வெல்டிங்கை மறுபடி வெட்டியிருப்போம்.

எழுபதைத் தாண்டியவர். மின்சாரம் இல்லாத ராத்திரியில், பக்கத்து வீட்டுப் பையனை டார்ச் பிடிக்கச் சொல்லி அளந்தார்கள் என்று பிறகு அந்தப் பையன் சொல்லித்தான் தெரியும். டீச்சரம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் அவர்களுக்கு உறவுமில்லை, ஊருமில்லை. ஒரே ஒரு நாள் அவர்கள் வீட்டில் காப்பி குடித்தவர்கள். எதற்காக இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முழுதாகச் செய்கிற பழக்கம் அது. வகுப்பறையில் நின்ற காலத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். இவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

டீச்சரம்மா, பணம் என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால் இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். வருகிற மழைக்கு முன்னாலும், அதற்கடுத்த ஒவ்வொரு மழைக்கு முன்னாலும், உங்கள் வண்டிக்கு அடியில் ஆயில் பூசுகிற வேலை என்னுடையது. மாஸ்டரும் வருகிறார். நீங்கள் வேண்டாம் என்றாலும் வருவோம்.

எடுத்த அளவுகளை இடது, வலது தனித்தனியாக, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி என்ற படத்தோடு சுத்தமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். டீச்சரம்மாவின் தாளும் அதில் அப்படியே இருக்கும். ஃபியட் பாடியோடு போராடுகிறவர்கள் யார் கேட்டாலும் காசில்லாமல் தருவேன். ஒரு பிரதி மாஸ்டர் பட்டறைச் சுவரில் ஒட்டப்படும். நேரில் அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அப்பாவின் வண்டியும் இங்கே இருக்கிறது. பெயின்ட் அடிக்க இன்னும் நாளாகும், அதற்குள் வந்தால் எல்லாப் புள்ளியும் கண்ணுக்குத் தெரியும்.