பிள்ளைகள் கொண்டுவரும் கற்களை வீசிவிடாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில் உங்களில் நான்கைந்து பேர் ஒரே குறையைச் சொன்னீர்கள். பிள்ளைகள் புத்தகப் பை நிறையக் கல்லை அள்ளிக்கொண்டு வருகிறார்கள், கால்சட்டைப் பையில் மறந்துபோன கல் வாஷிங் மெஷினில் கடகடவென்று உருள்கிறது, கேட்டால் "பெரிய டீச்சர்தான் சொன்னாங்க" என்கிறார்கள் என்று. உண்மைதான், நான்தான் சொன்னேன். கோடை விடுமுறையில் வீட்டிலேயே கல்லுக்கு மெருகேற்றிப் பாருங்கள் என்றேன். எதற்காக என்பதை உங்களிடமும் சொல்லவேண்டும் அல்லவா?

நம் காங்கேயம் பக்கத்து மண் கல்லுக்குப் பேர்போனது. மழை ஓய்ந்த மறுநாள் தோட்டங்காட்டில் குனிந்து நடந்தால் வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், வெள்ளை வெளேரென்று கண்ணில் படும். அதிர்ஷ்டம் இருந்தால் சந்திரகாந்தக்கல்லும் கிடைக்கும். நொய்யல் ஆற்றங்கரையில், கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அகழாய்வைத் தொடங்கியது. பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் என்று மணிகள் கிடைத்தன. முழுதாகச் செய்து முடித்த மணிகளோடு, பாதி வேலையில் நின்றவையும் மூலக்கல்லும் கழிவுச் சில்லுகளும் கிடைத்ததால்தான், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே பட்டறை இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நம் பிள்ளைகள் கையில் எடுத்திருப்பது இந்த ஊரின் பழைய வேலை.

இன்று இதற்கென்று சின்ன இயந்திரம் இருக்கிறது. ரப்பர் உருளை ஒன்றை ஒரு மோட்டார் இரவு பகலாக மெதுவாகச் சுழற்றும். உருளையில் முக்கால் அளவுக்குக் கல், கல் மூழ்கியும் மூழ்காமலும் தண்ணீர், கல்லைத் தேய்க்கிற கார்போரண்டம் பொடி சில கரண்டி. ஓடும் ஆறு பல காலம் உருட்டிச் செய்வதை இது ஒரு மாதத்தில் செய்துவிடும். பொடியின் எண் கூடக்கூட அது நுண்மையாகும்: முதல் வாரம் 60/90 எண் கரடுமுரடான பொடி, அடுத்து 120/220, அப்புறம் 500, கடைசியில் பளபளப்புக்கு அலுமினியம் ஆக்சைடு. முதல் கட்டத்தில்தான் கல்லுக்கு வடிவம் வருகிறது. அங்கே அவசரப்பட்டால் பின்னால் எந்தப் பொடியாலும் சரிசெய்ய முடியாது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது கட்டம் முடிந்ததும் கற்களை மேலோட்டமாக அலசிவிட்டு அடுத்த பொடியைப் போட்டேன். உருளை மூடியின் விளிம்பில் பழைய பொடி கொஞ்சம் ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் உருண்ட வெங்கச்சாங்கல்லை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், மேலெல்லாம் முடி போல மெல்லிய கீறல்கள். திரும்ப இரண்டாம் கட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். இப்போது பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கல்லையும் தேய்த்துக் கழுவுகிறேன். கணக்கில் ஒரு படி தவறினால் விடை எப்படித் தப்பாகும் என்பதை எட்டாம் வகுப்புக்கு விளக்க, அந்தக் கற்களைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரே கடினமுள்ள கற்களைத்தான் சேர்த்துப் போடவேண்டும். கத்தி முனையால் கீறிப் பாருங்கள். வெங்கச்சாங்கல்லில் கீறல் விழாது. சுண்ணாம்புக்கல்லில் விழும், எலுமிச்சைச் சாறு விட்டால் அது நுரைக்கவும் செய்யும். இரண்டையும் கலந்து உருட்டினால் சுண்ணாம்புக்கல் தேய்ந்தே போய்விடும்.

சில விஷயங்களில் நீங்கள் கண்டிப்பாக இருக்கவேண்டும். உருளையில் சேரும் சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்ற விடாதீர்கள். அடியில் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பழைய வாளியில் வடித்து, காயுமுன் குப்பையில் போட்டுவிடுங்கள். கல்லை உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கும். கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. கல் உடைப்பதாக இருந்தால் சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்து, பெரியவர்தான் உடைக்கவேண்டும். கல்லைச் சொந்தக் காட்டிலோ, சொல்லிக் கேட்டு அடுத்தவர் காட்டிலோ எடுக்கலாம். கல்குவாரிப் பக்கம் போகவே கூடாது. கொடுமணலில் ஒரு சில்லைக்கூடத் தொடக்கூடாது. அங்கே ஒவ்வொன்றும் கிடக்கிற இடமே ஒரு சான்று.

இயந்திரம் வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்காக யாரும் கடன் வாங்கவேண்டாம், பிள்ளை அடம்பிடித்தாலும் வேண்டாம். வீடு கட்டியபோது மிஞ்சிய மார்பிள் துண்டு ஒன்று, பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 120, 220, 400, 800, 1000 என்று ஒவ்வொன்றிலும் ஒரு தாள், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். தண்ணீர் தொட்டுத் தொட்டு, முந்தைய தாளின் கோடு மறையும்வரை தேய்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகவேண்டும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு சாயங்காலம் இப்படித் தேய்த்த துண்டு என் மேசையில் இருக்கிறது. ஜன்னல் கம்பி அதில் தெரிகிறது. பள்ளிப் பக்கம் வரும்போது உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் தாங்கள் மெருகேற்றியதைக் கொண்டுவரட்டும். கூடவே, அதே இடத்தில் எடுத்த கல் ஒன்றைத் தேய்க்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்