வெள்ளவத்தைத் தொடர்மாடி அயலவர்களுக்கு: பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்

அன்பான அயலவர்களே,

வருகிற சனிக்கிழமை மறுபடியும் நீர்வெட்டு. அறிவித்தல் வந்த நேரம் முதல் ஒழுங்கை முழுக்க வாளி நிரம்புகிற சத்தம். அண்டா, குடம், ஐஸ்கிரீம் டப்பா வரைக்கும் பிடித்து வைக்கிறோம். அதில் பிழையே இல்லை. தண்ணீர் திரும்பி வந்த பிறகு நாம் செய்கிற வேலையைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும்.

போன முறை ஞாயிறு காலையில் பக்கத்து மாடிக் கட்டடத்தின் கானில் பளிங்குபோலத் தண்ணீர் ஓடியது. பைப் உடைந்துவிட்டதாக்கும் என்று பதறிக்கொண்டு போனேன். "பழைய தண்ணி" என்று வீடு வீடாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் ஒழுங்கைக் கடைசி வீட்டு அம்மம்மா, வெறும் பைப்பின் கீழ் வாளியை வைத்துவிட்டு வாசற்படியில் குந்தியிருந்தா. பின்னேரம் நாலு மணிக்குத்தான் அங்கே நூல்போல வந்தது.

வெட்டின்போது பிரதான குழாய்கள் காலியாகிவிடும். களனி கங்கைத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற அம்பத்தலை நிலையத்திலிருந்து விடுகிற தண்ணீர் முதலில் அந்தக் குழாய்களை நிரப்பவேண்டும். அமுக்கம் மெல்லத்தான் ஏறும். பள்ளத்தில் இருப்பவருக்கும் நிலத்துக்குக் கீழே பெரிய தாங்கி கட்டியவருக்கும் முதலில் கிடைக்கும். ஒரு கட்டடத்து ஆக்கள் எல்லோரும் ஒரே காலையில் கொட்டி, கழுவி, திரும்ப நிரப்பினால் கடைசி வீடு இன்னும் பிந்தும். பிரதான குழாயில் நேரே மோட்டர் பூட்டி இழுப்பது அதைவிட மோசம். நீர் வழங்கல் சபை அனுமதிக்காத வேலை அது. குழாயில் வெடிப்பு இருந்தால் கான் தண்ணியும் உள்ளே இழுபட்டு உங்கள் வீட்டுக்கே வரும்.

சுத்தமான பாத்திரத்தில் ஒரு நாள் மூடி வைத்த தண்ணீர் பழுதாவதில்லை. குடிக்கப் பயமென்றால் கொதிக்க வையுங்கள். மிச்சத்தைக் கொமட்டுக்கு ஊற்றுங்கள். பழைய சிஸ்டன் ஒரு தடவைக்கு 9 லீற்றர் வரை இழுக்கும். வெட்டு முடிந்து முதலில் வருகிற மண்ணிறத் தண்ணீரையும் அதற்கே பிடித்து வையுங்கள். ஆனால் திறந்த வாளியைப் பல்கனியில் மறந்துவிடாதீர்கள். ஒன்றரைக் கிழமைக்குள் டெங்கு நுளம்பு பறந்துவிடும்.

ஒருமுறை எங்கள் வீட்டிலேயே, தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த குசினிப் பைப்பை மூடாமல் படுத்துவிட்டோம். இரவு இரண்டு மணிக்கு வந்தது, ஆறு மணி வரைக்கும் சிங்கில் ஓடியிருக்கிறது. நிமிடத்துக்கு 5 லீற்றர் என்று பார்த்தாலும் 1,200 லீற்றர். அன்றைக்கு முழுக்க எனக்கு மனது சரியில்லை. உங்கள் மொட்டைமாடித் தாங்கியின் மிதவை வால்வு பழுதென்றாலும் இதேதான் நடக்கும், அதுவும் யாரும் பார்க்காத இடத்தில். வெள்ளிக்கிழமைக்குள் காவலாளித் தம்பியை ஒருமுறை மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

களனி கங்கையை வற்றாத ஆறென்று நினைத்துவிடுகிறோம். வரட்சியில் அது இறங்கினால் கடல் நீர் அம்பத்தலைப் பக்கம் ஏறிவரும். உப்பை மறிக்க ஆற்றுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கிய காலங்கள் உண்டு. கொழும்புக்குத் தண்ணீர் தருகிற களட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களும் மழையை நம்பித்தான் இருக்கின்றன.

எங்கள் வளவில் பழைய கிணறு ஒன்று இன்னும் இருக்கிறது. கடற்கரைப் பக்கமென்பதால் கொஞ்சம் உவர், குடிக்க ஆகாது. கொமட்டுக்கும் நிலம் கழுவவும் நல்லாய்ப் போதும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேற் திறந்திருக்கும். கயிறும் வாளியும் கிணற்றடியில் இருக்கும். மேல்மாடி வயதானவர்களுக்குத் தூக்கிக் கொடுக்க இளம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்தால் பெரிய உதவி.

அன்புடன்,
அதே ஒழுங்கையில் இருக்கும் ஒரு அயலவள்