வான்கோழிக்குப் பணம் கட்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க வனவிலங்கு மீட்பைப் பற்றி வந்த கட்டுரையில் 'அரசு மானியம்' என்ற சொல் ஏழெட்டு இடங்களில் வருகிறது. படிக்கிறவர்களுக்கு, வாஷிங்டனில் யாரோ மனமிரங்கி மானுக்கும் வான்கோழிக்கும் நிதி ஒதுக்குவதுபோல் தோன்றும். அந்தப் பணம் வருவது துப்பாக்கி விற்பனையிலிருந்து. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் நியூஜெர்சியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சுத்த சைவம். போன வருடம் என் பதின்மூன்று வயது மகள், தோழி போகிறாள் என்று வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர அடம்பிடித்தாள். துணைக்குப் போன இடத்தில்தான் எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியவந்தது.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கலால் வரி இங்கே முன்பே இருந்தது. 1937-இல் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம் அந்த வரியை வனவிலங்குக்கென்று ஒதுக்கியது. இன்று நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10. தயாரிப்பாளரோ இறக்குமதி செய்பவரோ கட்டுகிறார், வாங்குகிறவர் தலையில் விலையாக இறங்குகிறது. மாநிலங்களுக்கான பங்கில் பாதி நிலப்பரப்பைப் பார்த்தும், பாதி உரிமம் எடுத்த வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பார்த்தும் கணக்கிடப்படுகிறது. மாநிலம் முதலில் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும், அப்புறம்தான் நூற்றுக்கு எழுபத்தைந்து வரை திரும்பி வரும். 2023-இல் இப்படிப் பிரித்துக் கொடுத்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான ராபர்ட்சன் போட்ட பூட்டு. அவர் வர்ஜீனியாவில் வேட்டைத் துறை ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர், உரிமக் கட்டணம் எங்கெங்கே போகும் என்று தெரிந்தவர். வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது என்று சட்டத்திலேயே எழுத வைத்துவிட்டார். ரோட்டுக்கு வசூலித்த வரி ரோட்டுக்குப் போகாததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயம்.

வகுப்புக்கு வருகிறேன். 1970-இல் கைத்துப்பாக்கி வரியையும் இதில் சேர்த்து, அதில் பாதியை வேட்டைப் பாதுகாப்புக் கல்விக்கும் சுடுதளங்களுக்கும் செலவிடலாம் என்றார்கள். அந்தக் கல்வி நடக்கும் அழகை நேரில் பார்த்தேன். ஒரு மைதானத்து ஓரம், இடுப்பளவு கம்பிவேலி, போலித் தோட்டா போட்ட துப்பாக்கி. வேலியைத் தாண்டிக் காட்டு என்றார் பயிற்சியாளர். ஒரு பையன் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே காலைத் தூக்கினான். "நீ இப்போது செத்துப்போனாய்" என்றார், குரலை உயர்த்தாமல். தோட்டாவை எடு, துப்பாக்கியின் வாய் உன்னைப் பார்க்காதபடி வேலிக்கு அடியில் தள்ளு, தள்ளிப்போய் நீ தாண்டு. இதையே பதினைந்து பேரும் செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மகள் தேறிவிட்டாள். நல்லவேளை, துப்பாக்கி கேட்கவில்லை, ஆரஞ்சுத் தொப்பி மட்டும் கேட்டாள்.

கடைசியில் பயிற்சியாளர் ஒரு தாளில் தான் வந்த நேரம், போகும் நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சம்பளமா என்று கேட்டேன். தொண்டுதானாம். ஆனால் அவர் கொடுத்த மணிநேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, மாநிலம் தன் பங்கான இருபத்தைந்து சதவீதத்தில் காட்டிக்கொள்ளலாமாம்! நீங்கள் மானியம் என்று எழுதிய தொகையில் இப்படி ஒரு பெரியவரின் சனிக்கிழமையும் சேர்ந்திருக்கிறது.

பலன் இல்லாமல் இல்லை. நியூஜெர்சியில் காட்டு வான்கோழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிருந்தது. 1977-இல் 22 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று இருபதாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. பண்ணையில் வளர்த்து விட்டவை பல மாநிலங்களில் பிழைக்கவில்லை. மக்காச்சோளம் தூவி, வலையை வெடித்து வீசிப் பிடித்த காட்டுப் பறவைகள்தான் புது இடத்தில் காலூன்றின. நாடு முழுக்க இத்தகைய வேலைக்கு இந்த வரிப்பணம் பெரிய துணை. எங்கள் தெருவில் காலையில் ஏழெட்டு வான்கோழிகள் காரை மறித்துக்கொண்டு நிற்கும், ஹார்ன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

குறையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி விற்றால்தான் நிதி, அதனால் ஜனங்கள் பயந்துபோய்த் துப்பாக்கி வாங்கிக் குவிக்கும் வருடங்களில்தான் காட்டுக்கு வரவு. இது எனக்கு உறுத்துகிறது. அதோடு, வேட்டையாடும் விலங்குகளுக்குக் கிடைக்கும் கவனம் தவளைக்கும் சிட்டுக்கும் கிடைப்பதில்லை. அவற்றுக்கும் நிதி தேடும் மசோதா ஒன்று 2022-இல் கீழவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. முதுகுப்பை, பைனாகுலர் போன்றவற்றுக்கும் இப்படி வரி போடலாம் என்ற யோசனை தொண்ணூறுகளிலேயே வந்தது, விற்கும் நிறுவனங்கள் எதிர்த்ததில் நின்றுபோனது.

எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. நல்ல பைனாகுலர் வைத்திருக்கிறேன், அதற்கு இந்த வரி ஒரு காசு கட்டியதில்லை. வேட்டைக்காரர் கட்டிய பணத்தில் நான் பறவை பார்க்கிறேன். அவர்களைத் திட்டுகிற கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், அது வேறு. வரி போட்டால் கட்டத் தயார்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுகிறவரிடம், பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நியூஜெர்சி