ஜன்னலைத் திறந்து விடுங்கள், போதும்

பர்மிங்ஹாமில் உள்ள எங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில்தான் வந்தது. சரி, இந்த முறை தமிழில் எழுதுகிறேன். படிக்காமல் விடுவதற்கு எந்த மொழியானால் என்ன?

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: நான்காம் வகுப்பு அறையின் மேல் ஜன்னல்கள். போன வாரம் பெற்றோர் சந்திப்புக்கு வந்து அந்த அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்தேன். கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்று அலமாரி மேல், காற்று கெட்டுவிட்டது என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஆசிரியை எழுந்து போய் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்கத் தன் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துகிறவர் அவர். என் மகள் வாரத்தில் மூன்று நாளாவது தலைவலியோடு வீடு திரும்புகிறாள்.

அண்ணாந்து பார்த்தேன். கூர்வளைவு ஜன்னல்களின் மேல்பாதியை ஃபால்ஸ் சீலிங் விழுங்கிவிட்டது. மிச்சப் பாதி, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துச் சட்டத்தோடு ஒட்டிப்போய்விட்டது. ஜன்னல் கயிற்றைச் சுற்றிக் கட்டும் பித்தளைக் கொக்கி மட்டும் சுவரில் இருக்கிறது. அதில் யாரோ ஒரு பிள்ளையின் மழைக்கோட்டு தொங்கியது.

இங்கிலாந்தின் 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பர்மிங்ஹாமின் பள்ளி வாரியத்துக்காக மார்ட்டின் அண்ட் சேம்பர்லின் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த, நம் பள்ளி போன்ற பள்ளிகளில் கோபுரம் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. மணிக்காகவும் இல்லை. வகுப்பறையின் சூடான, கெட்ட காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேற வேண்டும். ஊரெல்லாம் நிலக்கரிப் புகை மண்டிய காலத்தில், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மூச்சுக்காக அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நம் கோபுரத்தின் காற்று வழியையோ, புறாவுக்குப் பயந்து பலகை வைத்து அடைத்திருக்கிறோம்.

பாரம்பரியக் கட்டடம், தொட அனுமதி வேண்டும் என்கிறீர்கள். ஃபால்ஸ் சீலிங் அடித்த அன்று அந்த அனுமதி ஞாபகம் வரவில்லையா? செப்டம்பரில் பாரம்பரிய வாரம் வந்தால் இதே கோபுரத்தைப் படம் பிடித்துப் போடத் தெரிகிறது. இதே ஊரில் ஊசல்ஸ் தெருவில் 1877-இல் கட்டிய பள்ளி இன்று ஐகான் கலைக்கூடம். இடித்துவிட்ட அதன் கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள். நல்ல காரியம்தான். கலைக்கூடத்துக்குக் கோபுரத்தையே கட்டிக் கொடுத்த ஊரில், பிள்ளைகளுக்கு ஒரு ஜன்னல் திறக்கக் கூடாதா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது புது இயந்திரம் அல்ல. அந்த ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். ஜூன் வெயிலுக்கு முன் சீலிங்கை அந்தப் பக்கம் மட்டும் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க ஒரு தச்சரை அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். கயிறு நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா