பெயர் எழுதாமல் பெட்டிகளை வைத்துப் போனவருக்கு

இல்லாதவர்களுக்கு உணவுப் பொருட்களைக் கொடுக்கும் எங்கள் உணவு வங்கியின் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, பெயர் சொல்லாமல் போனவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைவிட, எப்படிக் கொடுத்தீர்கள் என்பதுதான் எங்களை நெகிழ வைத்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒருவரே தூக்கக்கூடிய எடை. கனமான டின்கள் அடியில், நசுங்கக்கூடியவை மேலே. பக்கவாட்டில் தடித்த எழுத்தில், உள்ளே இருப்பவற்றில் முதலில் காலாவதியாகும் பொருளின் தேதி. அந்த ஒரு வரி இருந்தால் போதும், பிரிக்காமலே பெட்டியை எந்த வரிசையில் வைப்பது என்று தெரிந்துவிடும். தேதி தெரியாத பெட்டிகள்தான் பின்னால் ஒதுங்கிக் கிடந்து வீணாகின்றன. அதுவும் வாசலில் ஆட்கள் காத்திருக்கும்போதே.

சோப்பைத் தனியாகக் கட்டியிருந்தீர்கள். சேர்த்து வைத்தால் மாவில் வாசனை ஏறிவிடும், பிறகு யாருக்கும் கொடுக்க முடியாது. உப்பிய டின், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின் ஒன்றுகூட இல்லை. மடிப்பு நசுங்கினால் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியே கிருமி புகும்; தூக்கிப்போடத்தான் வேண்டும். குழந்தைகளுக்கான பால் மாவு டப்பாக்களிலும் சீல் பிரியவில்லை.

நெருக்கடிக் காலத்தில் வருகிறவர்கள் கூடுவார்கள், கொடுப்பவர்கள் குறைவார்கள். அப்போது தரம் பிரிக்கும் நேரத்துக்குத்தான் எங்களிடம் பெரிய தட்டுப்பாடு. அதை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு பெட்டியில் நான்கு டின் ஓப்பனர்களும் இருந்தன. டின்னைத் திறந்து அப்படியே சாப்பிட வேண்டியிருக்கும், அடுப்போ பாத்திரமோ இல்லாதவர்களையும் நினைத்திருக்கிறீர்கள். அவை அன்றே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.