வீட்டில் சேரும் ஊசிகளை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை பக்கத்து வளவில் முற்றம் கூட்டிய அம்மாவின் விரலில் இன்சுலின் ஊசி குத்திவிட்டது. அவருடைய கணவர் பாவித்த ஊசிதான். குப்பையோடு போட்டு எரித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உருகிப்போக, முனை சாம்பலுக்குள் அப்படியே கிடந்திருக்கிறது.

நான் வன்னியில் 30 வருடம் தாதியாக வேலை செய்தவள். தொடக்கத்தில் எங்களுக்குக் கண்ணாடிச் சிரிஞ்சுதான். குழாயிலும் தண்டிலும் ஒரே இலக்கம் பொறித்திருக்கும். சோடி மாறினால் இறுகும், இல்லாவிட்டால் மருந்து ஒழுகும். துணி சுற்றிப் பச்சைத் தண்ணீரில் வைத்துத்தான் அடுப்பேற்ற வேண்டும், கொதிநீரில் போட்டால் வெடித்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் அவித்தால் வெள்ளை படிந்து தண்டு சிக்கும் என்று மழைத் தண்ணீர் பிடித்து வைப்போம். முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். ஒரு ஊசி காணாமல் போனால் அன்று வீட்டுக்குப் போக முடியாது.

1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வூட்டும் லியோனில் சார்ல்ஸ் பிரவாசும் ஊசி ஏற்றத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ நூறு வருடம் சிரிஞ்சு என்றால் கழுவித் திரும்பப் பாவிக்கும் பொருள்தான். நியூசிலாந்தில் மருந்தாளராகவும் மிருக வைத்தியராகவும் இருந்த கொலின் மேர்டொக், ஒரு மிருகத்தின் நோய் ஊசி வழியே இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்று யோசித்து, 1956இல் பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஒருமுறை குத்தி எறிவதற்கென்றே செய்தது அது. ஆனாலும் உலகில் பல இடங்களில் அதையும் கழுவிக் குத்தினார்கள். அப்புறம்தான் ஒருமுறை அழுத்தியதும் தண்டு பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு வந்தது. 2003 முடிவதற்குள் தடுப்பூசிக்கெல்லாம் அதையே பாவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1999இல் கேட்டுக்கொண்டன.

சரி, திரும்பக் குத்தாமல் இருக்க வழி செய்தாயிற்று. குத்தி முடித்த ஊசி எங்கே போவது? ஆஸ்பத்திரியில் அதற்கு மஞ்சள் பெட்டி இருக்கிறது. வீட்டில் நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின் போடுகிறவருக்கு என்ன இருக்கிறது? மாதாந்தக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற மேசைக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு பெட்டியை வைத்து, பழைய ஊசிகளைத் திருப்பி வாங்க வேண்டும். சுகாதாரப் பகுதியினர் இதைச் செய்ய உங்கள் பத்திரிகை குரல் கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரும் இன்சுலின் போடுகிறவர்தான். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி இறுக்கி வைக்கிறேன். மூன்று போத்தல் நிரம்பி அலுமாரிக்கு மேல் இருக்கின்றன. வருகிற கிளினிக்குக்கு மூன்றையும் கொண்டு போகப்போகிறேன்.

ஓய்வுபெற்ற தாதி,
மாங்குளம்.